மூட்டு உங்களுது, பதில் மாமாவுது

தியாகதுருகத்திலிருந்து வெள்ளிமலை வரைக்கும் இந்த முறை வந்த கடிதங்களில் அரசியல் இல்லை, சினிமா இல்லை. முட்டி, முழங்கை, தோள்பட்டை, குதிகால். கத்தி வைக்காமல் ஊசி முனையிலேயே தீருமா என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. கேட்டுவிட்டீர்கள், மாமா விடுவதாயில்லை.

கே: முழங்கை வெளிப்பக்கம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. டாக்டர் 'டென்னிஸ் எல்போ' என்கிறார். நான் அந்த மட்டையைத் தொட்டதே இல்லையே, மாமா?
– கரும்பு வெட்டும் தொழிலாளி, மூங்கில்துறைப்பட்டு

ப: மட்டை எதுக்குத் தம்பி, கரும்புக் கத்தி போதும். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் எல்லாம் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் ஒரே தசைநாணாகச் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. நாளெல்லாம் ஓங்கி வெட்டினால் ஒட்டிய இடம் நைந்துபோகும். டென்னிஸ் ஆடுகிறவன் வலித்தால் மட்டையை வைத்துவிட்டு ஊருக்குப் போவான். நீ கத்தியைக் கீழே வைத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. உன் வலி நாள்பட்ட வலியாவது அங்கேதான்.

கே: சச்சினுக்கே இந்த முழங்கையில் ஆபரேஷன் செய்தார்களே?
– கிரிக்கெட் வெறியர், கச்சிராயபாளையம்

ப: மே 2005, லண்டன். அதற்கு முந்தின வருஷமே வலியால் ஆட்டங்களை விட்டவர் அவர். கத்தி அவருக்கும் கடைசிக் கட்டம்தான். இந்த வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு வருஷத்தில் தானே அடங்கிவிடுகிறது. சச்சினிடமிருந்து முதலில் பொறுமையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆபரேஷனை அப்புறம் பார்க்கலாம்.

கே: போன வருஷம் முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. ஒரே வாரத்தில் வலி பறந்துச்சு. மூணு மாசத்தில் முன்னைவிட உரமா திரும்பி வந்துச்சு. இன்னொண்ணு போட்டுக்கவா?
– லாரி ஓட்டுநர், எலவனாசூர்கோட்டை

ப: வேண்டாம் அண்ணே. ஆஸ்திரேலியாவில் 165 பேரை வைத்துப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். நாலாவது வாரத்தில் ஸ்டீராய்டு போட்டவர்கள்தான் முன்னணி. ஒரு வருஷம் முடிவதற்குள் அவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியிருந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான்.

நைந்த தசைநாணில் நடப்பது பெரும்பாலும் இழைச் சிதைவு. அழற்சியை அடக்கும் மருந்து அங்கே போய் வலியை மூடும், நைந்ததைச் சேர்க்காது. கந்துவட்டிக் கடன் மாதிரி: கை நிறையத் தருவான், வருஷக் கடைசியில் வீட்டையே கேட்பான்.

கே: அப்படியானால் ஸ்டீராய்டு ஊசியே விஷமா?
– ஆசிரியை, சங்கராபுரம்

ப: யார் சொன்னது டீச்சர்? 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தில் படுத்தபடுக்கையான ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார். சில நாளில் எழுந்து நடந்தார் அந்த அம்மா. 1950-ல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு. அடுத்த வருஷமே அதே குடும்பத்து மருந்தை நேராக மூட்டுக்குள் செலுத்தியும் எழுதிவிட்டார்கள். வாதத்தில் வீங்கிச் சூடேறிய மூட்டுக்கு இன்றைக்கும் அது வரம்.

தேய்ந்த முட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. வலி குறைவதில் உப்புநீருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை; குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. மருந்து நல்லது. வாடிக்கைதான் கெட்டது.

கே: கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம், உளியைப் பிடித்தாலே உயிர் போகுது.
– மரச் சிற்பி, கள்ளக்குறிச்சி

ப: 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கை ஆயிற்றே, சும்மா விடலாமா? கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கிப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாயுங்கள். 'அம்மா' என்று கத்தினீர்களா? 1895-ல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வைன் எழுதிவைத்த கோளாறாக இருக்கலாம். தசைநாண் ஓடும் உறை தடித்து இறுகுவதுதான் இங்கே சிக்கல். அந்த உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி, கட்டைவிரல் அசையாமல் சில வாரம் பட்டி. பெரும்பாலோர் இதிலேயே தப்பித்துவிடுகிறார்கள்.

லாரி அண்ணனுக்கு வேண்டாம் என்ற அதே மருந்து உங்களுக்கு ஆகும். இடம் அறிந்து போட்டால் சிகிச்சை. அறியாமல் போட்டால் வெறும் குத்து.

கே: எங்க ஆயா சந்தைக்குப் போற வழியில் ஒருத்தரிடம் முட்டிக்கு ஊசி போட்டுக்குது. 'ராசியான கை'ன்னு சொல்லுது.
– கல்லூரி மாணவி, ரிஷிவந்தியம்

ப: ராசி இருக்கட்டும். அந்தக் கையைக் கழுவினாரா? மூட்டுக்குள் கிருமி புகுந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பைக் கரைத்துவிடும். குளிர்காய்ச்சலோடு ஆயாவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும். என்ன மருந்து, எத்தனை மில்லி, யார் போட்டார் என்று சீட்டு தராத எந்த ஊசியும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீயே சொல்லும்மா. மகன் சொன்னால் திட்டும். பேத்தி சொன்னால் கேட்கும்.

கே: 'மூணே நாளில் மூட்டுவலி மாயம்' என்று பேர் போடாத பொட்டலம் விற்கிறார்கள். நிஜமாகவே கேட்குதே?
– நெல் வியாபாரி, திருக்கோவிலூர்

ப: கேட்கிறதுதான் பயமாயிருக்கிறது. பேரில்லாத பொடி மூன்றே நாளில் மாயம் செய்தால், உள்ளே ஸ்டீராய்டு மாத்திரை அரைபட்டிருக்கக்கூடும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பொத்தலாகும். மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கே: என் ரத்தத்தை எடுத்து, சுற்றி, எனக்கே திருப்பிப் போடுகிறார்களாம். பெயர் பி.ஆர்.பி. பல ஆயிரம் கேட்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கள்ளக்குறிச்சி

ப: ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றித் தட்டணுக்களைத் தனியே திரட்டி மூட்டுக்குள் விடுவது. தட்டணுக்களில் திசுவை வளர்க்கும் புரதங்கள் உண்டு என்பது நம்பிக்கைக்குக் காரணம். தேய்ந்த முட்டி உள்ள 288 பேரில் ஆஸ்திரேலியாவில் பாதிப்பேருக்கு இது, பாதிப்பேருக்கு உப்புநீர் என்று போட்டு ஒரு வருஷம் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவு: சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வேறு சில ஆய்வுகள் பலன் உண்டு என்கின்றன. டென்னிஸ் எல்போவுக்கும் இரண்டு கட்சி இருக்கிறது.

வங்கியில் இருந்தவர் நீங்கள். உத்தரவாதம் இல்லாத இடத்தில் வைப்புநிதியை உடைப்பீர்களா?

கே: ஸ்டெம்செல் போட்டால் குருத்தெலும்பு புதிதாக முளைக்குமா?
– அதே வங்கி ஊழியர்

ப: முளைக்கும் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள். ரத்த நோய்கள் சிலவற்றுக்குத் தவிர ஸ்டெம்செல் வைத்தியம் நடைமுறைச் சிகிச்சை ஆகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் நெறிமுறை வகுத்தது. 2022-ல் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் ஒரே ஒரு தயாரிப்புக்கு முட்டித் தேய்மானத்துக்கென்று மத்திய அனுமதி கிடைத்தது. வாசலில் பலகை மாட்டிய எல்லாருக்கும் அந்த அனுமதி பொருந்தாது.

கே: முட்டிக்குள் கேமரா விட்டுக் கழுவிவிட்டால் தேய்மானம் சரியாகிவிடுமாமே?
– அரிசி ஆலை உரிமையாளர், சின்னசேலம்

ப: கேமரா அருமையான கருவி ஐயா. 1918-ல் டோக்கியோவில் கெஞ்சி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு சடலத்தின் முழங்காலுக்குள் விட்டு எட்டிப் பார்த்தார். 1962-ல் மசாகி வதனாபே அதே வழியில் நுழைந்து கிழிந்த ஜவ்வை வெட்டி எடுத்தார். உலகமெங்கும் விளையாட்டு வீரர்கள் இன்று பொத்தான் அளவுத் துளைகளோடு வீடு திரும்புவது அந்த இரண்டு ஜப்பானியர் புண்ணியம்.

தேய்மானக் கதை வேறு. ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி என்ற எலும்பு மருத்துவர், கூடைப்பந்து அணிக்கே டாக்டராக இருந்தவர், 180 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்கு முட்டிக்குள் கழுவினார். இன்னொன்றுக்குக் கழுவிச் சுரண்டியும் விட்டார். மூன்றாவது கூட்டத்துக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார். உள்ளே கருவி போகவே இல்லை. யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கவனித்து 2002-ல் வெளியிட்டார்கள். கழுவியவர்கள், சுரண்டியவர்கள் யாரும் சும்மா தைத்தவர்களை மிஞ்சவில்லை. அரிசியைக் கழுவுங்கள், ஐயா. தேய்ந்த முட்டியைக் கழுவ வேண்டாம்.

கே: எம்.ஆர்.ஐ. எடுத்தேன். 'ஜவ்வு கிழிஞ்சிருக்கு' என்று எழுதியிருக்கு. தூக்கம் போச்சு.
– தையல் தொழிலாளி, தியாகதுருகம்

ப: தூங்குங்கள் அம்மா. அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டிய 991 பேரின் முட்டியை ஊர்ப் பொதுவில் படமெடுத்து 2008-ல் எழுதினார்கள். ஜவ்வு கிழிந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தின மாதத்தில் வலியோ பிடிப்போ இல்லை. முட்டி மடக்கியபடி பூட்டிக்கொண்டால், விழுந்து அடிபட்டிருந்தால் உடனே போய்ப் பாருங்கள். மற்றபடி வைத்தியம் காலுக்கு, படத்துக்கு இல்லை.

கே: முட்டி நரம்பைச் சுட்டு வலியைப் போக்குகிறார்களாம். அப்புறம் கால் விளங்குமா?
– டீக்கடைக்காரர், தியாகதுருகம்

ப: விளங்கும். சுடுவது மூட்டிலிருந்து வலிச் சேதியைச் சுமந்து வரும் மெல்லிய கிளைகளை. காலை நடத்தும் நரம்பு வேறு. முதலில் அந்தக் கிளைகளை மருந்தால் மரக்கவைத்துச் சோதனை; வலி நன்றாகக் குறைந்தால்தான் ரேடியோ அலை ஊசி. 2011-ல் தென்கொரிய மருத்துவர்கள் 38 முதியவர்களிடம் செய்து காட்டிய பிறகு உலகமெங்கும் பரவியது. நரம்பு மறுபடி முளைக்கும். அதுவரை, ஆறு மாதமோ ஒரு வருஷமோ, நிம்மதி. தேய்மானம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

2022-ல் பிரெஞ்சு ஓபனை வென்ற கையோடு ரஃபேல் நடால் பாத வலிக்குச் செய்துகொண்டதும் ரேடியோ அலை வைத்தியம்தான். அடுத்த மாதமே விம்பிள்டனில் காலிறுதி ஜெயித்தார். ஆள் பார்த்துச் செய்தால், நின்றுகொண்டே டீ ஆற்ற உங்களுக்கும் உதவும்.

கே: ரத்தக் குழாயை அடைத்தால் முட்டி வலி போகுமாம். அடைப்பு வந்தால் ஆளே போவானே!
– மருந்துக்கடை ஊழியர், உளுந்தூர்பேட்டை

ப: எந்தக் குழாய் என்பதில் இருக்கிறது சூட்சுமம். தேய்ந்த மூட்டைச் சுற்றிப் புதுசு புதுசாக நுண்குழாய்கள் முளைக்கின்றன. கூடவே வலி நரம்பும் வளர்கிறது. ஜப்பானின் யூஜி ஒகுனோ தொடை ரத்தக் குழாய் வழியே நூல்போன்ற குழாயை அனுப்பி, அந்தப் புது முளைகளை மட்டும் அடைத்தார். எதை வைத்து அடைத்தார் தெரியுமா? உடம்பில் கரைந்துபோகும் ஓர் ஆன்டிபயாடிக்கின் துகள்களை! மற்றவர்கள் கிருமிக்குத் தேடுவதை அவர் முட்டிக்குத் தேடியிருக்கிறார்.

பத்து வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட வைத்தியம். நம்பிக்கை தருகிறது, பெரிய ஆய்வுகள் சேரட்டும். முதல் வரிசையில் முண்டியடிக்க வேண்டாம்.

கே: ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்ட பிறகு குதிகால் மேல் நரம்பு இழுக்குது. சம்பந்தம் உண்டா?
– கட்டட மேஸ்திரி, நாகலூர்

ப: சிப்ரோஃப்ளாக்ஸசின் வகையா? உண்டு. தசைநாண் வீங்கலாம், அறுந்தும் போகலாம் என்று 2008-ல் அமெரிக்க மருந்துத் துறை கறுப்புக் கட்டம் கட்டி எச்சரித்தது. அறுபது தாண்டியவர்களுக்கும், ஸ்டீராய்டு சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சாரம் ஏறாமல் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கே: 'ஷாக் வேவ்' என்றால் கரண்ட் வைப்பதா? காலையில் குதிகாலை ஊன்ற முடியலை.
– தூய்மைப் பணியாளர், தியாகதுருகம்

ப: கரண்ட் இல்லம்மா, ஒலி. 1980-ல் மியூனிக் நகரில் சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்கப் பயன்படுத்திய அலை. அதன் வீரியத்தை அடக்கிக் குதிகாலில் விடுகிறார்கள். 2000-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஊசித் துளைகூட இல்லை. விடும்போது கொஞ்சம் வலிக்கும்.

அதற்கு முன்னால் செலவில்லாத ஒன்று: படுக்கையை விட்டு எழும் முன் கால் விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள், பத்து முறை. வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்காதீர்கள். ஊரைச் சுத்தம் செய்கிற காலுக்கு மெத்தென்ற காலணி வாங்கித் தருவது ஊரின் கடமை. பேரூராட்சி காதில் விழட்டும்.

கே: சர்க்கரை பல வருஷமா இருக்கு. தோள்பட்டை இறுகிப்போய், தலை வாரக்கூட கை எழும்பலை.
– இல்லத்தரசி, விருகாவூர்

ப: சர்க்கரை உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும் தொல்லை இது. தோள் மூட்டைச் சுற்றிய உறை சுருங்கிவிடுகிறது. உப்புநீர், மரப்பு மருந்து, கொஞ்சம் ஸ்டீராய்டு மூன்றையும் உள்ளே செலுத்தி உறையை உப்பவைத்துத் தளர்த்துகிறார்கள். போட்ட பிறகு சில நாள் சர்க்கரை எகிறும். முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள், வீட்டில் அளந்துகொண்டிருங்கள். தளர்ந்த தோளைத் தளர்ந்த சூட்டிலேயே அசைக்க ஆரம்பியுங்கள். மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மறுபடி பூட்டு விழும்.

கே: சிக்குன்குனியா வந்து போனது. வலி மட்டும் போகவில்லை.
– பால் வியாபாரி, சங்கராபுரம்

ப: 2006-ல் தமிழ்நாடே நொண்டியது நினைவிருக்கிறதா? காய்ச்சல் ஒரு வாரம், மூட்டுவலி சிலருக்கு வருஷக்கணக்கு. இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து வலித்தால் ஊசியை எந்த மூட்டில் போடுவது? உங்களுக்கு வேண்டியவர் வாதநோய் மருத்துவர். ரத்தப் பரிசோதனையில் ஆரம்பியுங்கள்.

கே: சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் முழங்கையில் ஊசியை விட்டுக் கெட்ட சதையை உறிஞ்சி எடுத்ததாகச் சொல்கிறான். கதை விடுகிறானா?
– மின்பணியாளர், தியாகதுருகம்

ப: மச்சான் யோக்கியன். அதிர்வூசி அது: ஸ்கேனில் பார்த்தபடியே நைந்த இழையை மட்டும் அதிர்வால் குழைத்து உறிஞ்சிவிடும். சிங்கப்பூர் மருத்துவர்கள் 20 பேருக்குச் செய்து 2013-ல் எழுதினார்கள், நல்ல பலன் என்று. இருபது பேர் ஒரு வேன்தான் நிரம்பும். பஸ் நிரம்பட்டும், பேசுவோம்.

கே: ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். தசைநாண் தானாகத் தேறவே தேறாதா?
– உடற்கல்வி ஆசிரியர், கள்ளக்குறிச்சி

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன்! ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃபிரட்சன் என்று ஓர் எலும்பு மருத்துவர். ஓட்டப் பிரியர். குதிகால் மேல் உள்ள தசைநாணில் தீராத வலி. 'அறுவை செய்யுங்கள்' என்று மேலதிகாரியைக் கேட்டார். நீ விடுப்பில் போனால் வேலையை யார் பார்ப்பது என்று அவர் மறுத்துவிட்டார்.

ஆல்ஃபிரட்சனுக்கு ரோஷம் வந்தது. நாண் அறுந்தே போனால் வெட்டித்தானே ஆக வேண்டும்? படியின் விளிம்பில் நின்று, வலிக்க வலிக்கப் பாரத்தோடு குதிகாலைக் கீழே இறக்கினார். தினம் தினம். நாண் அறவில்லை. வலிதான் அறுந்தது!

1998-ல் 15 ஓட்டக்காரர்களுக்கு இதையே 12 வாரம் கொடுத்தார். நாளொன்றுக்கு 180 முறை. பதினைந்து பேரும் மறுபடி ஓடினார்கள். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. மருந்து சொல்லி அது கேட்காது, பாரம் சொன்னால்தான் கேட்கும். சரியான பாரத்தைப் படிப்படியாக ஏற்றச் சொல்லித்தரப் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். மேலே சொன்ன எந்த ஊசியானாலும் அது வாங்கித் தருவது அவகாசம். அந்த அவகாசத்தில் நீங்கள் பயிற்சி செய்தீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கே: மலையிலிருந்து மரவள்ளி, கடுக்காய் மூட்டை சுமந்து இறங்குறோம். ஊசி போட்ட மறுநாள் சுமக்கலாமா?
– விவசாயி, கரியாலூர், கல்வராயன்மலை

ப: கூடாதய்யா. இறக்கத்தில்தான் முட்டிக்கு அதிகப் பாரம். தசைநாண் ஓரத்தில் ஸ்டீராய்டு போட்டு மறுநாளே சுமை தூக்கினால் நார் அறுந்துபோகும் அபாயம் உண்டு. சில வாரம் சுமை வேண்டாம். எத்தனை வாரம் என்பதை ஊசி போடுகிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதுவரை அடுப்பு எப்படி எரியும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தினக்கூலிக்காரருக்கு ஊசியின் விலை மருந்துச் செலவோடு முடிவதில்லை. போன கூலியையும் சேர்த்துத்தான் கணக்கு. 'எத்தனை நாள் வேலை போகும்' என்று முதலிலேயே கேளுங்கள். நீங்கள் கேட்காமலே அதை எழுதித் தருகிற டாக்டர்தான் நல்ல டாக்டர்.

கே: எடையைக் குறைக்காமல் முட்டி வலியைக் குறைக்க வழி சொல்லுங்கள்.
– பலகாரக் கடைக்காரர், கள்ளக்குறிச்சி

ப: ஒரு கிலோ இறங்கினால், ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் இறங்குகிறது. ஒன்று கொடுத்து நாலு வாங்குகிற வியாபாரத்தை விட்டுவிட்டு வேறு வழி கேட்கிறீர்களே, முதலாளி!

கே: மூட்டு மாற்று ஆபரேஷன் எப்போது?
– ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், தியாகதுருகம்

ப: இரவில் வலி எழுப்பினால், கழிப்பறைக்குப் போகவே பயமாயிருந்தால், பயிற்சி, மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டால். அப்போது தயங்காதீர்கள், நல்ல அறுவை அது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு விலை வரம்பு கட்டியது. பரவலாகப் போடும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்போது 54,720 ரூபாய், வரி தனி. அதற்கு முன் சுமார் ஒன்றரை லட்சம் வாங்கினார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரியுங்கள்.

கே: அம்மாவால் படியிறங்க முடியலை. பயிற்சிக்கு எங்கே கூட்டிப்போவது?
– செங்கல் சூளைத் தொழிலாளி, எலவனாசூர்கோட்டை

ப: கூட்டிப்போகவே வேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் சேர்த்தி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைக் கொடுங்கள். வராவிட்டால் மறுபடி போய்க் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

கே: மாமா, நீங்க டாக்டரா?
– பெயர் போடாதவர்

ப: இல்லை. நான் சொல்வது படித்தறிந்த சேதி. உங்கள் மூட்டைத் தொட்டுப் பார்ப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு.

கே: நாளைக்கே கிளம்புறேன். அந்தத் தீர்ப்புக்கு என்னவெல்லாம் கேட்கணும்?
– மளிகைக் கடைக்காரர், தியாகதுருகம்

ப: சிறுவங்கூரில் 2022-லிருந்து நம் மாவட்டத்துக்கென்று அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எலும்பு மூட்டுப் பிரிவுக்குச் சீட்டு வாங்குங்கள். பழைய சீட்டு, எக்ஸ்-ரே, சாப்பிடுகிற மாத்திரை எல்லாம் ஒரே பையில் போகட்டும்; ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் வாயைத் திறந்து முதலில் அதைச் சொல்லுங்கள்.

பிறகு மூன்றே கேள்வி. வலி எந்த இடத்திலிருந்து வருகிறது? ஊசியில் என்ன மருந்து, ஸ்கேனில் பார்த்துப் போடுவீர்களா? போட்ட பிறகு நான் செய்ய வேண்டிய பயிற்சி என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லாத இடத்தில், யாராயிருந்தாலும், ஊசிக்கு முட்டியைக் காட்டாதீர்கள்.